நாக்கு அறியாமல் இறங்கிய உப்பு

சிட்னியில் 110 பேரை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். அதன் முடிவு 2003-இல் வெளியானது. ஆறு வாரம் அவர்களுக்குச் சாப்பிட பிரெட் கொடுத்தார்கள். ஒரு பகுதியினருக்கு எப்போதும் போல உப்புப் போட்ட பிரெட். மற்றவர்களுக்கு வாரம் 5 சதவீதமாக உப்பைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். கடைசி வாரத்தில் பழைய அளவில் கால் பங்கு உப்பு போயிருந்தது. உப்பு எப்படி, ருசி எப்படி என்று கேட்டுக் கேட்டுக் குறித்துக்கொண்டார்கள். இரண்டு பகுதியினரின் பதிலிலும் வித்தியாசம் எதுவும் தென்படவில்லை. கால் பங்கு உப்பு காணாமல் போனது சாப்பிட்டவர்களுக்குத் தெரியவே இல்லை.

உப்பைப் பற்றி நான் படித்ததில் மனதில் நின்றது இந்தச் சின்ன ஆய்வுதான். காரணம், என் வீட்டில் நடந்தது இதற்கு நேர் எதிர்.

அம்மாவுக்கு இரத்தக் கொதிப்பு. டாக்டர் உப்பைக் குறைக்கச் சொன்ன அன்றே குழம்பில் பாதி உப்பு போய்விட்டது. அன்று முதல் சாப்பாட்டு நேரம் முழுக்கச் சண்டை. அப்பா ஊறுகாய் பாட்டிலைத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டார். மூன்று மாதம் கழித்தும் கொதிப்பின் அளவு பெரிதாக இறங்கவில்லை. "இதுக்கு மேல எங்கய்யா குறைக்கிறது, உப்பே போடுறதில்லயே" என்று அம்மா கண் கலங்கியபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து சமையலறை அலமாரியைக் காலி செய்து தரையில் பரப்பினேன். காலையில் டீயோடு பிஸ்கட். வேலை ஓடாத நாளில் பிரெட். சாயங்காலம் மிக்சர். காய்ச்சல் வந்த வாரத்தில் வாங்கிய சூப் பொடி. சாம்பார்ப் பொடியோடு உப்பும் சேர்த்தே அரைத்த ஒரு கடைப் பொடி. அப்பளம். ஒவ்வொரு பாக்கெட்டின் முதுகிலும் சோடியம் என்று ஒரு வரி இருந்தது. அம்மா தன் கையால் போட்ட உப்பை மட்டும்தான் குறைத்திருந்தார். மற்றவர் கையால் போட்டு அனுப்பிய உப்பு அப்படியே உள்ளே போய்க்கொண்டிருந்தது.

இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது உப்பைப் பற்றியது. பாக்கெட்டிலும் ஓட்டலிலும் நாம் உண்ணும் உப்பை நாம் எடுக்க முடியாது. போட்டவர்தான் எடுக்க முடியும். அவர்களை எடுக்க வைத்த நாடுகள் உண்டு. எப்படி என்பதும் தெரிந்ததே.

கணக்கை முதலில் பார்த்துவிடலாம். நமக்குத் தொல்லை தருவது உப்பில் உள்ள சோடியம். ஒரு கிராம் உப்பில் ஏறக்குறைய 400 மில்லிகிராம் சோடியம். பாக்கெட்டில் உப்பு என்று எழுத மாட்டார்கள், சோடியம் என்றுதான் போடுவார்கள். அதை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் எடை கிடைக்கும். உலக சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்குச் சொல்லும் உச்சவரம்பு ஒரு நாளைக்கு 2,000 மில்லிகிராம் சோடியம், அதாவது 5 கிராம் உப்பு. ஒரு டீஸ்பூனுக்குச் சற்றுக் குறைவு. உலகச் சராசரி 10.8 கிராம் என்று அதே நிறுவனம் கணக்கிட்டிருக்கிறது. மிகை சோடியத்தோடு தொடர்புடைய சாவுகள் ஆண்டுக்கு ஏறத்தாழ 19 லட்சம் என்றும் சொல்கிறது. சென்னை நகரத்துப் பெரியவர்களிடம் நடத்தி 2007-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் சராசரி 8.5 கிராம் என்று வந்தது. அதிலும் அதிகம் உப்பு உண்டவர்களிடையே இரத்தக் கொதிப்பும் அதிகம் இருந்தது.

உடம்புக்குள் நடப்பது சிக்கலான விஷயமல்ல. சோடியம் கூடினால் அதற்குச் சமமாகத் தண்ணீரை உடம்பு பிடித்து வைத்துக்கொள்கிறது. இரத்தத்தின் கன அளவு கூடுகிறது, குழாய்ச் சுவரில் அழுத்தம் கூடுகிறது. சிறுநீரகம் மிச்சத்தை வெளியேற்றப் பாடுபடுகிறது. ஒருநாள் விருந்தில் கூடிப்போனால் இரண்டு நாளில் சரியாகிவிடும். வருடக்கணக்கில் கூடிக்கொண்டே இருந்தால் குழாய்கள் விறைத்துப் போகின்றன, மூளையில் அடைப்போ கசிவோ வந்து பக்கவாதம், இதயக் கோளாறு, சிறுநீரகக் கோளாறு. வயதானால் கொதிப்பு வரத்தான் செய்யும் என்று நம் ஊரில் சாதாரணமாகச் சொல்கிறோம். 1988-இல் வெளியான, 32 நாடுகளில் 10,079 பேரைச் சேர்த்து நடத்திய பெரிய ஆய்வில் பிரேசில் காட்டில் வாழும் யனோமாமி பழங்குடியினரும் இருந்தார்கள். அவர்கள் உணவில் உப்புச் சேர்ப்பதில்லை. அவர்களிடம் வயது ஏறினாலும் இரத்த அழுத்தம் ஏறவில்லை. காரணம் உப்பு ஒன்றே என்று சொல்லிவிட முடியாது, அவர்களது வாழ்க்கை முறையே வேறு. ஆனால் வயதோடு கொதிப்பு வந்தே தீரும் என்பது இயற்கையின் சட்டமல்ல என்று அதில் தெரிந்தது.

சரி, தயாரிக்கிறவர்கள் ஏன் இத்தனை உப்பைப் போடுகிறார்கள்? கெட்டுப்போகாமல் இருக்க என்பது நமக்குத் தெரிந்த பதில். கருவாட்டுக்கும் ஊறுகாய்க்கும் அது பொருந்தும். காற்றுப் புகாத பாக்கெட், குளிர்பதனம் எல்லாம் வந்த பிறகு பெரும்பாலான பண்டங்களுக்கு அது முக்கியக் காரணமாக இல்லை. பிரெட் மாவில் உப்பு பசைத்தன்மையை இறுக்கிப் பிடிக்கும். ஈஸ்ட் தாறுமாறாகப் பொங்காமல் அடக்கும். மாவு எந்திரத்தில் ஒட்டாது. பதப்படுத்திய இறைச்சியில் உப்பு தண்ணீரைப் பிடித்து வைக்கும். தண்ணீரும் இறைச்சி விலைக்கு எடை போடப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, மலிவான மாவும் மலிவான எண்ணெயும் சேர்ந்த ஒரு பண்டத்துக்கு ருசி கொடுக்க உப்பைவிட மலிவான சரக்கு உலகத்தில் இல்லை. மசாலாவின் கசப்பையும் அது மறைத்துவிடும். இதோடு வேறு வேடத்தில் வரும் சோடியமும் உண்டு. சமையல் சோடாவின் எடையில் கால் பங்குக்கு மேல் சோடியம். அஜினமோட்டோவில் எட்டில் ஒரு பங்கு அளவு. இனிப்பு பிஸ்கட்டிலும் கேக்கிலும் சோடியம் தென்படுவது இப்படித்தான்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். சிப்ஸில் உப்பு மேலே தூவப்பட்டிருக்கிறது, நாக்கில் முதலில் அதுதான் படும். பிரெட்டில் மாவுக்குள் பிசைந்து கிடக்கிறது, நாக்கு அதைப் பார்ப்பதே இல்லை. அதனால் உப்பு என்றால் நமக்குச் சிப்ஸும் ஊறுகாயும் நினைவுக்கு வருகின்றன. கூடுதலாகச் சாப்பிடுவது கண்ணுக்குத் தெரியாத பண்டத்தை.

பிரிட்டனில் அந்தக் கண்ணுக்குத் தெரியாத பண்டம் பிரெட்தான். அங்கே ஒருவர் உண்ணும் உப்பில் நான்கில் மூன்று பங்கு, தயாரித்து விற்கப்படும் உணவிலிருந்து வந்தது. பிரெட் மட்டுமே ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. 1994-இல் மருத்துவ நிபுணர் குழு ஒன்று உப்பை நாளுக்கு 6 கிராமாகக் குறைக்கச் சொன்னபோது, உணவு நிறுவனங்கள் எதிர்த்தன. அரசும் அந்தப் பரிந்துரையை ஏற்கவில்லை. கிரகாம் மெக்ரிகர் என்ற இரத்த அழுத்த நிபுணர் விடவில்லை. 1996-இல் தன்னோடு சேர்த்து 22 நிபுணர்களைத் திரட்டி உப்புக்கு எதிராக ஓர் அமைப்பைத் தொடங்கினார். அவர்கள் மக்களிடம் பேசியதைவிட நிறுவனங்களிடம்தான் அதிகம் பேசினார்கள். ஒரே பண்டத்தை விற்கும் பத்து நிறுவனங்களின் உப்பு அளவைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார்கள். ஒரு நிறுவனத்தின் சூப்பில் இருப்பதில் பாதி உப்புதான் இன்னொன்றின் சூப்பில் என்றால், 'முடியாது' என்ற பேச்சுக்கு இடமில்லை அல்லவா?

அரசின் உணவுத் தர முகமை 2003 வாக்கில் இதைக் கையில் எடுத்தது. 2004-இல் சிட் என்ற ஓடில்லா நத்தையைப் பொம்மையாக்கி விளம்பரம் செய்தார்கள். உப்புப் பட்டால் நத்தை சாகும் என்பது எல்லாருக்கும் தெரியும். உப்பு உற்பத்தியாளர் சங்கம் அந்த விளம்பரத்தின் மீதே புகார் கொடுத்தது. ஆனால் உண்மையான வேலை விளம்பரத்தில் நடக்கவில்லை. 2006-இல் 80-க்கும் மேற்பட்ட உணவு வகைகளுக்குத் தனித்தனியாக உப்பு இலக்கு வைத்தார்கள். பிரெட்டுக்கு இவ்வளவு, சீஸுக்கு இவ்வளவு, சூப்புக்கு இவ்வளவு. எட்ட வேண்டிய ஆண்டும் குறித்தார்கள். சட்டக் கட்டாயம் இல்லை. ஆனால் முகமை கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தது, யார் எட்டினார் யார் எட்டவில்லை என்று வெளியே சொன்னது. எட்டியபின் இன்னும் கீழே ஒரு இலக்கு வைத்தது.

எல்லா நிறுவனமும் ஒரே சமயத்தில் இறங்கியதுதான் இதில் சூட்சுமம். ஒருவர் மட்டும் குறைத்தால் வாடிக்கையாளர் பக்கத்து பிராண்டுக்குப் போவார். எல்லாரும் ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் ஒப்பிட்டுப் பார்க்க உப்பான பிரெட் கடையில் இருக்காது. சிட்னியில் 110 பேரிடம் நடந்தது இப்போது ஒரு நாட்டுக்கே நடந்தது. 2001-இல் 100 கிராம் பிரெட்டில் சராசரி 1.23 கிராம் உப்பு. 2011-இல் 0.98 கிராம். பிரெட் சப்பென்று போய்விட்டது என்று ஊரில் யாரும் கூப்பாடு போடவில்லை.

மக்கள் உண்ணும் மொத்த உப்பை எப்படி அளந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பிற்பாடு வரும் சர்ச்சைக்கு அது முக்கியம். என்ன சாப்பிட்டீர்கள் என்று கேட்டு உப்பைக் கணக்கிட முடியாது. ஆனால் உண்ணும் சோடியத்தில் பத்தில் ஒன்பது பங்கு சிறுநீரில் வெளியேறிவிடும். அதனால் ஆளுக்கு ஒரு பெரிய பிளாஸ்டிக் கேன் கொடுத்து, ஒரு நாள் முழுக்க, ஒரு சொட்டு விடாமல் சிறுநீரைச் சேர்த்து வரச் சொன்னார்கள். வேலைக்குப் போனாலும் கேன் கூடவே போக வேண்டும். இப்படி அளந்ததில் 2000-01-இல் 9.5 கிராமாக இருந்தது 2011-இல் 8.1 கிராமாக இறங்கியிருந்தது. 2003 முதல் 2011 வரை மக்களின் சராசரி இரத்த அழுத்தம், மேல் அளவில், 3 புள்ளி குறைந்தது. பக்கவாதச் சாவுகள் 42 சதவீதம் குறைந்தன. சிகரெட் குறைந்தது, மருந்துகள் மேம்பட்டன, அவற்றுக்கும் இதில் பங்குண்டு. உப்புக்கு மட்டும் எல்லாப் பெருமையையும் கொடுத்தால் அது பொய்யாகும். ஆனால் உப்புக்குப் பங்கே இல்லை என்றும் சொல்ல முடியாது. 3 புள்ளி என்பது ஒரு தனி ஆளுக்குப் பெரிய விஷயமாகத் தெரியாது. கோடிக்கணக்கானவர்களுக்கு ஒரே சமயத்தில் 3 புள்ளி இறங்குவதும், ஒரு ஆளுக்கு இறங்குவதும் ஒன்றல்ல. யாரும் மாத்திரை போடாமலே பலருக்கு வர இருந்த பக்கவாதம் வராமல் போகிறது.

பிறகு கதை மாறியது. ஆட்சி மாறி, 2011-இல் இந்தப் பொறுப்பு உணவுத் தர முகமையிடமிருந்து போய், நிறுவனங்கள் தாங்களாக உறுதிமொழி எழுதிக் கொடுக்கும் ஏற்பாடு ஒன்று வந்தது. கண்காணிப்பு தளர்ந்தது. 2018-19-இல் இங்கிலாந்தில் மறுபடி அளந்தபோது 8.4 கிராம். இறங்கிக்கொண்டிருந்தது நின்றுவிட்டது. அதே பிரெட், அதே நிறுவனங்கள், அதே நாக்கு. மாறியது பார்த்துக்கொண்டிருந்த கண் மட்டும்தான். பிரிட்டனின் வெற்றியிலிருந்து கற்பதைவிட இந்தத் தேக்கத்திலிருந்து நாம் கற்க வேண்டியது அதிகம் என்று நினைக்கிறேன்.

தென்னாப்பிரிக்கா அந்தத் தளர்வுக்கே இடம் வைக்கவில்லை. 2013-இல் சட்டமாகவே எழுதிவிட்டது: 2016 ஜூன் முதல் 100 கிராம் பிரெட்டில் 400 மில்லிகிராம் சோடியத்துக்கு மேல் இருக்கக் கூடாது, 2019 முதல் 380. சிலி வேறு வழியில் போனது. 2016 ஜூனில் இருந்து அங்கே சோடியம் மிகுந்த பாக்கெட்டின் முன்பக்கத்தில் கறுப்பு எண்கோணம் அச்சிட வேண்டும், 'சோடியம் அதிகம்' என்று எழுதி. தொடக்கத்தில் எல்லை 100 கிராமுக்கு 800 மில்லிகிராம். அது 500 ஆகி, 2019-இல் 400 ஆனது. எண்கோணத்தைப் பார்த்து வாங்காமல் விட்டவர்கள் ஒரு பக்கம். அந்த முத்திரை விழாமல் இருக்க நிறுவனங்கள் தாமே அளவை எல்லைக்குக் கீழே கொண்டுவந்தது மறுபக்கம். எனக்கு முக்கியமாகப் படுவது இந்த இரண்டாவதுதான். இலங்கையில் 2019 முதல் திட உணவுப் பாக்கெட்டுகளில் உப்புக்கும் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் சிவப்பு, மஞ்சள், பச்சை வண்ணம் போட வேண்டும். எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் சிவப்பு புரியும்.

இந்தியாவில் என்ன நிலை? பாக்கெட்டின் பின்பக்கத்தில் சோடியம் அளவு போட வேண்டும் என்பது சட்டம். போடுகிறார்கள். எறும்பு எழுத்தில். ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 70 கிராம் நூடுல்ஸ் பாக்கெட்டில் '100 கிராமுக்கு 1,200 மில்லிகிராம் சோடியம்' என்று இருந்தால், அந்தப் பாக்கெட்டில் இருப்பது 840 மில்லிகிராம். இரண்டரையால் பெருக்கினால் 2.1 கிராம் உப்பு. அதாவது ஒரு நாளுக்கான அளவில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல், ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையின் சாயங்கால டிபனில். அதுவும் பெரியவருக்கான வரம்பை வைத்துப் பார்த்தது. குழந்தைக்கு வரம்பு இன்னும் குறைவு. இந்தக் கணக்கைக் கடை வாசலில் நின்று எந்தத் தாய் போடுவார்? அந்த உப்பு மசாலா பொட்டலத்தில் மட்டும் இல்லை, நூடுல்ஸ் கட்டியிலும் பிசைந்திருக்கிறது. ஆனாலும் மசாலாவில் பாதியைப் போட்டு மீதியை எடுத்து வைப்பது நல்ல வழக்கம்தான். என் அக்கா இப்போது அப்படித்தான் செய்கிறாள், பிள்ளைகள் கேட்கவில்லை.

முன்பக்கத்தில் தெளிவாகப் போட வேண்டும் என்ற பேச்சு இங்கே பல வருடமாக ஓடுகிறது. 2018-இல் ஒரு வரைவு வந்தது. 2022 செப்டம்பரில் இந்திய உணவுப் பாதுகாப்பு மற்றும் தரநிர்ணய ஆணையம் வேறொரு வரைவைக் கொண்டுவந்தது. அதில் எச்சரிக்கை இல்லை. அரை நட்சத்திரம் முதல் ஐந்து நட்சத்திரம் வரை மதிப்பெண். பொதுச் சுகாதார வல்லுநர்கள் எதிர்த்தார்கள். நட்சத்திரக் கணக்கில் கெட்டதற்கு மதிப்பெண் கழிப்பார்கள், பருப்பு, பழம், தானியம் போன்ற நல்லதற்குக் கூட்டுவார்கள். உப்பை அள்ளிப் போட்டுவிட்டு, கொஞ்சம் தானியம் சேர்த்து இரண்டு நட்சத்திரம் வாங்கிவிட முடியும். நட்சத்திரம் என்றாலே நம் கண்ணுக்கு அது பாராட்டு. இரண்டு நட்சத்திர மிக்சரை யாரும் ஆபத்து என்று படிக்க மாட்டார்கள். விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போய், 2025 ஏப்ரலில் நீதிபதிகள் பர்திவாலா, மகாதேவன் அமர்வு மூன்று மாதத்துக்குள் நிபுணர் குழுப் பரிந்துரையைத் தயாரிக்கச் சொன்னது. எனக்கு இதில் சந்தேகமே இல்லை: வேண்டியது எச்சரிக்கைதான், நட்சத்திரம் அல்ல.

இங்கே ஒரு நியாயமான ஆட்சேபம் உண்டு. நம் நாட்டில் சோடியத்தின் பெரும்பங்கு இன்னும் வீட்டுச் சமையலில் போடும் உப்பிலிருந்துதான் வருகிறது. பிரிட்டனைப் போல பாக்கெட்டிலிருந்து அல்ல. உண்மை. அதற்காகப் பாக்கெட்டை விட்டுவிட முடியாது, நகரத்தில் பிள்ளைகள் வளர்வதே பாக்கெட்டோடு. பிரிட்டன் பல வருடம் உப்பான பிரெட்டுக்கு நாக்கைப் பழக்கிவிட்டுப் பிறகு இறக்கப் பாடுபட்டது. நாம் பழக்கும் கட்டத்தில் இருக்கிறோம்.

வீட்டுக்கும் பாக்கெட்டுக்கும் நடுவில் இருப்பது ஓட்டல். என் சித்தப்பா முப்பது வருடம் ஓட்டல்களில் சரக்கு மாஸ்டராக இருந்தவர். சாம்பார், குழம்பு, கூட்டு எல்லாம் அவர் கைப்பக்குவம். ஒருமுறை அவர் வேலை செய்த அடுப்படியில் அரை நாள் உட்கார்ந்திருந்தேன். விடியற்காலை நான்கு மணிக்கு அடுப்பு எரிகிறது. முழங்கை உயரத்துக்கு சாம்பார் கொதிக்கிறது. உப்புக்குக் கரண்டியோ தராசோ கிடையாது. பிளாஸ்டிக் டப்பாவில் கல் உப்பு; கையை விட்டு அள்ளி, சுழற்றி வீசுகிறார். கரண்டியிலிருந்து ஒரு சொட்டை உள்ளங்கையில் விட்டு நக்கிப் பார்க்கிறார். இன்னொரு அரைக் கை. காலையிலிருந்து இருபது தடவை இப்படி உப்பையே ருசி பார்த்த நாக்கு, பத்து மணிக்குக் குழம்பு கூட்டும்போது எந்த அளவில் இருக்கும்? அதைக் கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு எந்த ஆய்வுக் கட்டுரையிலும் கிடைக்கவில்லை: "உப்பு கூடிப்போச்சுன்னா தண்ணி குடிச்சிட்டுப் போயிருவான். கம்மியா இருந்தா சப்ளையரக் கூப்பிட்டுச் சத்தம் போடுவான். முதலாளி என்னையத்தான கேப்பாரு?"

ஓட்டல் உப்பின் பொருளாதாரம் முழுக்க அந்த மூன்று வாக்கியத்தில் இருக்கிறது. கூடினால் தண்டனை இல்லை, குறைந்தால் உண்டு. எந்த மாஸ்டரும் பாதுகாப்பாக ஒரு பிடி கூடத்தான் போடுவார்.

நம் சாப்பாட்டின் அமைப்பும் இதற்கு ஒத்துழைக்கிறது. வெறும் சோற்றில் நாம் உப்புப் போடுவதில்லை. அதனால் குழம்பு தன் உப்போடு சோற்றின் உப்பையும் சுமக்கிறது. வீட்டுச் சாப்பாட்டில் இது சமன்பட்டுவிடும். பிரியாணியில் அரிசியிலேயே உப்பு, கறியில் உப்பு, அதன்மேல் சால்னா ஊற்றுகிறோம், அந்தச் சால்னா பிரியாணிக்கென்று உப்பிட்டது அல்ல, பரோட்டாவுக்கு உப்பிட்டது. பரோட்டா மாவிலும் உப்பு உண்டு. இட்லியை எடுத்துக்கொள்ளுங்கள்: மாவில் உப்பு, சாம்பாரில் உப்பு, இரண்டு சட்னியிலும் உப்பு, பொடியிலும் உப்பு. ஒவ்வொன்றையும் தனியாக ருசி பார்த்தால் சரியான உப்புதான். எல்லாம் சேர்ந்து ஒரே வயிற்றுக்குள் போவதை யாரும் கூட்டிப் பார்ப்பதில்லை. சாம்பார் வாளி மூன்றாவது முறை வரும்போது 'போதும்' என்று சொன்னால் குறைவது பருப்பு மட்டுமல்ல.

நியூயார்க் நகரம் 2015 டிசம்பரில் ஒரு விதி கொண்டுவந்தது. 15 அல்லது அதற்கு மேற்பட்ட கிளைகள் உள்ள உணவகங்கள், ஒரு உருப்படியில் 2,300 மில்லிகிராமோ அதற்கு மேலோ சோடியம் இருந்தால், மெனுவில் அதன் பக்கத்தில் உப்புக் குடுவைப் படத்தை முக்கோணத்துக்குள் போட வேண்டும். உணவகச் சங்கம் வழக்குப் போட்டது. கடைசியில் நீதிமன்றம் விதி செல்லும் என்றது. உருகுவேயின் மாண்டிவிடியோவில் உணவக மேசையிலிருந்து உப்புக் குடுவையையே எடுக்க வைத்தார்கள். கேட்டவருக்குக் கொடுக்கலாம், கேட்காமல் வைக்கக் கூடாது. நம் ஓட்டலில் மேசை உப்பு பெரிய பிரச்சினை அல்ல. ஆனால் இலை போட்டதும் ஓரத்தில் விழும் உப்பு, ஊறுகாய், அப்பளம், மோர் மிளகாய் ஆகியவற்றைக் கேட்டால் மட்டும் வைப்பது என்று ஆக்கினால் யாருக்கும் நஷ்டமில்லை, ஓட்டல்காரருக்கு மிச்சம்கூட.

உப்பைக் குறைப்பதே தவறு என்பவர்களும் உண்டு. அவர்கள் காட்டுவது பெரும்பாலும் 2014-இல் வெளியான, இந்தியாவும் பங்கேற்ற ஒரு பன்னாட்டு ஆய்வு. உப்பு மிக அதிகம் உண்டவர்களுக்கு மட்டுமல்ல, மிகக் குறைவாக உண்டவர்களுக்கும் ஆபத்து கூடியிருந்தது என்றது அது. இங்கேதான் அந்தப் பிளாஸ்டிக் கேன் முக்கியமாகிறது. அந்த ஆய்வு ஒருநாள் முழுச் சிறுநீரைச் சேர்க்கவில்லை. காலையில் ஒருமுறை எடுத்ததை வைத்துச் சூத்திரத்தால் கணித்தது. ஏற்கெனவே நோயாளியாக இருந்து சாப்பாடு குறைந்தவர்களும் குறைந்த உப்புக்காரர் பட்டியலில் வந்திருக்கலாம். விவாதம் முடியவில்லை. ஆனால் நாளுக்கு 15 கிராமுக்கு மேல் போகும் தட்டு நல்லது என்று அந்த ஆய்வாளர்களும் சொல்லவில்லை. வெயிலில் மண் சுமப்பவருக்கும் உப்பளத் தொழிலாளிக்கும் வியர்வையில் உப்பு போகிறது என்பதும் உண்மை. ஏசி அறையில் உட்கார்ந்து பீட்சா சாப்பிடுபவர் அந்த வாதத்தை எடுத்துக்கொள்ள முடியாது. உப்பைக் குறைத்தால் அயோடின் போய்விடுமே என்பவர்களுக்குப் பதில் சுலபம்: குறைந்த உப்பில் அயோடின் அளவைக் கூட்டிக்கொள்ளலாம். இந்துப்பு நல்லது என்று வாட்சப்பில் வரும் செய்தியை மட்டும் நம்ப வேண்டாம். இந்துப்பும் கல் உப்பும் தூள் உப்பும் பெரும்பகுதி அதே சோடியம் குளோரைடுதான். நிறம் மாறினால் சோடியம் மாறாது.

வீட்டு உப்புக்கு ஒரு வழி சீனாவிலிருந்து கிடைத்திருக்கிறது. 600 கிராமங்களில் ஏறத்தாழ 21,000 பேரிடம், பக்கவாதம் வந்தவர்கள் அல்லது இரத்தக் கொதிப்புள்ள முதியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. பாதிக் கிராமங்களுக்கு வழக்கமான உப்பு. மீதிக்கு, நான்கில் ஒரு பங்கு சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் கலந்த உப்பு. சமையல் மாறவில்லை, பிரசங்கம் இல்லை, டப்பாவில் இருக்கும் உப்பு மட்டும் மாறியது. ஐந்தாண்டுக்குக் கிட்டத்தட்ட பார்த்ததில் பக்கவாதம் 14 சதவீதம் குறைந்தது, சாவு 12 சதவீதம் குறைந்தது. 2021-இல் முடிவு வெளியானது. 2025 ஜனவரியில் உலக சுகாதார நிறுவனமும் இத்தகைய உப்பைப் பற்றி வழிகாட்டுதல் வெளியிட்டது. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் பொட்டாசியத்தை உடம்பில் தேக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களும் டாக்டரைக் கேட்காமல் இதைத் தொடக் கூடாது. கேட்காமல் வாங்கிவிட்டு அவதிப்பட இதில் வாய்ப்பு உண்டு, அதனால் அழுத்தியே சொல்கிறேன்.

இது தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. தமிழ்நாடு உப்பு நிறுவனம் 2014-இல் அம்மா உப்பு என்று மூன்று வகை வெளியிட்டதே, அதில் ஒன்று குறைந்த சோடியம் உப்பு. அப்போது அதன் விலை கிலோ 21 ரூபாய். சாதாரண அயோடின் உப்பு 10 ரூபாய். இரண்டு மடங்குக்கு மேல். கொதிப்பு உள்ளவர் வீட்டில்தான் மாத்திரைச் செலவும் இருக்கிறது, அங்கே இந்த வித்தியாசம் கட்டுப்படியாகாது. ரேஷன் கடை வழியாக இந்த ஒரு வகைக்கு மானியம் கொடுத்தால் எத்தனை அடுப்படிக்குப் போகும் என்று யோசித்துப் பார்க்கிறேன். சரக்கு மாஸ்டரின் பிளாஸ்டிக் டப்பாவுக்கும் போகலாம். ஆனால் ஓட்டலுக்கு வருபவர்களில் யாருக்குச் சிறுநீரகக் கோளாறு என்று மாஸ்டருக்குத் தெரியாது. அங்கே வேண்டியது கரண்டி அளவும் பலகையில் அறிவிப்பும்தான்.

பெரிய சங்கிலி உணவகங்களுக்கு ஒரு விதி ஏற்கெனவே இருக்கிறது. பத்து அல்லது அதற்கு மேற்பட்ட இடங்களில் கிளை உள்ளவை, 2022 முதல் மெனுவில் ஒவ்வொரு உருப்படிக்கும் கலோரி போட வேண்டும். போடுகிறார்கள், அடுத்த முறை போகும்போது மெனுப் பலகையைப் பாருங்கள். அந்தக் கலோரியைக் கணக்கிட, ஒரு தட்டில் எண்ணெய் எத்தனை கிராம், மாவு எத்தனை கிராம், சாஸ் எத்தனை கிராம் என்று அவர்கள் செய்முறைத் தாளில் எழுதியிருக்க வேண்டும். உப்பின் எடையும் அதே தாளில்தான் இருக்கும். அந்த எண் மெனுப் பலகைக்கு வர இன்னும் ஒரு வரி உத்தரவு போதும்.